வளையம் விட்ட தடம்

என் அலமாரியின் அடித்தட்டில் ஒரு மர வளையம் இருக்கிறது. கோதடி தைக்கும்போது துணியை இழுத்துப் பிடிக்கும் இரட்டை வளையம். இறுக்குவதற்கு ஓரத்தில் ஒரு திருகு. அது துருப்பிடித்துவிட்டது. தூக்கிப் போடவும் மனம் வரவில்லை, கையில் எடுக்கவும் மனம் வரவில்லை.

செம்பூரில் எங்கள் குடியிருப்பு ஹாலில் சனிக்கிழமைதோறும் கோதடி சொல்லிக்கொடுக்கத் தாராவியிலிருந்து ஒரு பெண் வருவார். என்னைவிடப் பத்து வயது இளையவர். எல்லோருக்கும் அவர் டீச்சர். பழைய புடவைகளை அடுக்கி, நூலோட்டிப் போர்வையாக்கும் வேலை. அவருக்கு வளையமே தேவையில்லை. தரையில் விரித்து, அதன் மேலேயே உட்கார்ந்து, ஒரு காலால் துணியை அமுக்கிக்கொண்டு தைத்துவிடுவார். எங்கள் முட்டிகள் அதற்கு மடங்காது என்பதால் வளையம் வாங்கச் சொன்னார். நான் கடையில் இருந்ததிலேயே பெரியதை வாங்கிப் போனேன். பார்த்துச் சிரித்தார். "கைக்கு எட்டணும்லா மேடம்? இது பரோட்டாக் கல்லு மாதிரில்லா இருக்கு. சின்னதா மாத்திட்டு வாங்க." நான் மாற்றவில்லை. எனக்குத் தெரியாததா என்ற திமிர். மழைக்காலம் தொடங்கியதும் இன்னொன்றும் சொன்னார். "தச்சு முடிச்சா அன்னன்னைக்கே வளையத்தக் கழட்டிருங்க. பாரிஷ் ஈரத்துல துணி கெட்டுப் போயிரும்."

நான் தைத்தது அம்மா விட்டுப்போன புடவைகளை. ஆபீஸ் வேலையில் மறந்து, பதினைந்து நாள் வளையத்தோடு கட்டிலடியிலேயே போட்டுவிட்டேன். கழற்றியபோது அம்மாவின் வெளிர்மஞ்சள் புடவையில் வட்டமாகக் கறுப்புத் தடம். திருகு இருந்த இடத்தில் துரு.

அடுத்த சனிக்கிழமை ஹாலில் அதை விரித்ததும், "ஐயையோ, அம்மா புடவையாச்சே! யார் பண்ணின வேலை இது?" என்று குடியிருப்புச் சங்கச் செயலாளரின் மனைவி கேட்டார்.

"டீச்சர்தான் வளையத்துலயே வைக்கச் சொன்னாங்க" என்றேன். வாய் முந்திக்கொண்டது.

டீச்சர் இரண்டடி தள்ளி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னையே பார்த்தார். நான் திருத்திச் சொல்ல அவ்வளவு நேரம் போதும். சொல்லவில்லை. "சரி மேடம், எலுமிச்சம்பழமும் உப்பும் தேச்சுப் பாக்கேன்" என்று மட்டும் சொல்லித் துணியை வாங்கிக்கொண்டார்.

கறை போகவில்லை. அந்த மாதத்தோடு அவரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதை முடிவு செய்த கூட்டத்தில் நானும் இருந்தேன். டீ குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

இதெல்லாம் நடந்து நான்கு வருடமாகிறது. போன வாரம் அண்ணன் மகள் வந்திருந்தாள். கோதடியைப் போர்த்திக்கொண்டு, "இது என்ன அத்தை, ரவுண்டா?" என்று கேட்டாள். "சொல்லிக்கொடுத்தவங்க பண்ணின தப்பு" என்றேன். இந்த முறை வாய் முந்திக்கொள்ளவில்லை. யோசித்துத்தான் சொன்னேன்.

அந்த வெட்கம் தாங்காமல்தான் இதை எழுதுகிறேன். இதிலும் ஒரு கள்ளத்தனம் இருக்கிறது. டீச்சர் பம்பாயிலேயே பிறந்து இந்திப் பள்ளியில் படித்தவர். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. அது தெரிந்துதான் தமிழில் எழுதுகிறேன். செம்பூரிலிருந்து தாராவிக்கு ஒரே பஸ். வளையம் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது.