மடியில் இருந்த பை

இன்று காலை கடலூர்–சிதம்பரம் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்த ஒரு அம்மா, தன் பையை என் மடியில் வைத்தார். "செத்த வச்சிக்கப்பா, புதுச்சத்திரத்துல எறங்கிடுவேன்."

எனக்கு சைக்காலஜி பரீட்சை. அந்தப் பையின் மேலேயே நோட்டை விரித்துப் படித்தேன்.

சிதம்பரம் வந்தும் பை என் மடியிலேயே இருந்தது.

"கூட்டம் தள்ளுனதுல, பை, பைன்னு கத்திக்கிட்டே எறங்குச்சு சார் அந்தம்மா. நான் உங்கள தட்டுனேன். 'ம்'னுட்டுப் படிச்சீங்க" என்றார் பின்சீட்டுக்காரர்.

உள்ளே சுகர் மாத்திரைகள்.

பரீட்சையில், மனம் சிலவற்றை மட்டும் கவனிப்பது பற்றிக் கேள்வி வந்தது. உதாரணத்துக்கு அந்த அம்மாவையே எழுதினேன். மார்க் விழும்.

திரும்பும்போது புதுச்சத்திரத்தில் இறங்கி டீக்கடையில் விசாரித்தேன்.

"ஆளு எப்டி இருப்பாங்க?"

நான் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அந்தப் பக்கத்துக்காரர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். பச்சைப் பை. அதையும் இப்போதுதான் பார்த்தேன்.