கணப்பு வைத்த வீடு

என் மனைவியின் தம்பி சில வருடம் இங்கிலாந்தில் வேலை பார்த்தான். கடலூர் திரும்பும்போது, அங்கே தான் குடியிருந்த பழைய பண்ணை வீட்டின் போட்டோக்களோடு வந்தான். சிதம்பரம் சாலையில் அதே மாதிரி ஒரு வீட்டையும் கட்டினான். தாழ்வான கூரை, சின்னச் சின்ன ஜன்னல்கள், குனிந்து நுழைகிற வாசல். கூடத்தில் விறகு எரித்துக் குளிர்காயக் கணப்பு, அதற்கு மேலே புகைபோக்கி.

"எல்லாம் குளிருக்காக மாமா. உள்ள இருக்கிற சூடு வெளிய போவாது," என்றான் பெருமையாக.

"நம்மூர்ல அது வெளிய போவணும்னுதான் மச்சான் எல்லாரும் வேண்டிக்கிறாங்க," என்றேன்.

"உங்களுக்கு ரசனை பத்தாது மாமா," என்று முடித்துவிட்டான்.

மே மாதத்தில் வீட்டை மந்திரிக்கச் சர்ச்சிலிருந்து பங்குச் சாமியார் வந்தார். நல்ல உயரம். வாசலில் அவர் நெற்றி இடித்த சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. உள்ளே போன கொஞ்ச நேரத்தில் அங்கி வியர்வையில் நனைந்து ஒட்டிக்கொள்ள, ஜெபத்தைப் பாதியில் நிறுத்தினார்.

"வீடு அழகா இருக்கு தம்பி. மீதிய வெளிய நின்னு மந்திரிக்கிறேன்," என்றார்.

விருந்துக்காகப் பின்பக்கம் கீற்றுக் கொட்டகை போட்டிருந்தோம். மறுநாள் அதைப் பிரிக்க ஆள் வந்தபோது, கொட்டகைக்குள் கட்டில் போட்டுப் படுத்திருந்த மச்சான் பதறி எழுந்தான்.

"இருக்கட்டும்பா, பிரிக்காத!"

அந்தக் கோடை முழுக்க அவன் குடும்பம் கொட்டகையில்தான் சமைத்தது, சாப்பிட்டது, தூங்கியது. யாராவது வீடு பார்க்க வந்தால் மட்டும் மச்சான் சட்டையை மாட்டிக்கொண்டு சாவியை எடுப்பான்.