அவரைக் கொடிக்குப் பல் விளக்கிய ஞாயிறு

2019 அக்டோபர் 13, ஞாயிறு. ஐந்து நாற்பதுக்கு எழுந்தேன். பால் பாக்கெட் எடுத்து வைத்தேன். ஆறரைக்குத் தொட்டிகளுக்குத் தண்ணீர். ஏழு மணிக்கு அவரைக் கொடியில் புழு எடுத்தேன்: பதினொன்று.

அப்போது வாகட் என்ற புறநகரில் தரைத்தளத்து வீட்டில் இருந்தோம். பின்பக்கம் எட்டடிக்குப் பத்தடி மண் இருந்தது. இப்போது பதினோராவது மாடி. மண் வாசனை நினைவு வரும்போது இந்தப் பழைய டைரியை எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

கொடி என் மனைவியுடையது. கோயம்புத்தூரிலிருந்து அவள் அக்கா கொடுத்தனுப்பிய ஆறு விதைகளில் முளைத்தது ஒன்றே ஒன்று. இங்கே விற்கும் அவரையில் அந்த வாசம் இல்லை என்பாள். இது காய்த்தால் விதை எடுக்கலாம். பட்டுப்போனால் அத்தோடு முடிந்தது.

பூவெடுக்கும் நேரத்தில் நுனிகளில் சாறு உறிஞ்சும் கறுப்பு அசுவினிப் பூச்சி அப்பிக்கொண்டது. நடுவே, குட்டி முதலை மாதிரி, கறுப்பில் ஆரஞ்சுப் புள்ளி வைத்த புழுக்கள். அசுவினியை எண்ண முடியாது, புழுவை எண்ணலாம். எனவே புழுவிலிருந்து ஆரம்பித்தேன். ஞாயிறுதோறும் பழைய பல் பிரஷால் ஒவ்வொன்றாகச் சோப்புத் தண்ணீர் மக்கில் தள்ளுவேன். இலைக்கடியில் வரிசையாக நின்ற மஞ்சள் முட்டைகளையும் துடைத்துவிடுவேன்.

அன்று பக்கத்து வீட்டு மராத்தி அம்மாள் வேலிக்கு மேலே தலை நீட்டினார். எல்லோருக்கும் அவர் காகு, அதாவது சித்தி. இந்தியில் கேட்டார்:

"என்ன சாஹேப், செடிக்குப் பல் விளக்கறீங்களா?"

மக்கை எட்டிப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றது.

"அரே தேவா. இது பொறிவண்டோட குஞ்சு. அந்தக் கறுப்புப் பூச்சியைத் தின்னத்தான் வந்திருக்கு. சாப்பிட உட்கார்ந்தவங்களைப் பந்தியிலேயே மூழ்கடிக்கறீங்களே."

உள்ளே போய் டைரியைப் புரட்டினேன். செப்டம்பர் 29: புழு இருபத்து மூன்று, அசுவினி இரண்டு நுனியில். அக்டோபர் 6: புழு பதினேழு, அசுவினி ஐந்து நுனியில். இன்று: புழு பதினொன்று, அசுவினி ஒன்பது நுனியில். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதியிருந்தேன்.

மனைவி பின்னால் நின்று படித்தாள். "நல்லாத்தான் எழுதி வெச்சிருக்கீங்க. என்ர கொடியைக் கொன்ன கதையை."

"இன்னும் சாகலையே."

"மொத்தமே பதினாலு நுனிதானுங்க."

மாலையில் காகு வீட்டுக்குப் போனேன். போவதற்குக் கால் கூசியது. அவர் தொட்டிகளில் ஷேப்புக் கீரை, நம் சதகுப்பை, முற்றி, மஞ்சள் குடைகளாகப் பூத்துக் கிடந்தது. அதை வெட்டி ஒழுங்காக வைக்கும்படி போன மாதம் சொன்னவன் நான்தான். பூவைச் சுற்றிச் சிறு ஈக்களும் குளவிகளும், தண்டில் பொறிவண்டுகளும் அவற்றின் குஞ்சுகளும் இருந்தன.

"நல்லவேளை, நீங்க சொன்னதைக் கேக்கலை," என்றார் காகு. ஏழு குஞ்சுகளைத் தண்டோடு கிள்ளி ஸ்டீல் டப்பாவில் போட்டுக் கொடுத்தார். பூத்த தொட்டி ஒன்றையும் தூக்கி வைத்தார். "இதை வெட்டினீங்கன்னா அடுத்த தடவை குஞ்சு கிடையாது."

தண்டுகளைக் கொடியில் செருகினேன். தொட்டியை அடியில் வைத்தேன். மனைவி பக்கத்திலேயே நின்று பார்த்தாள்.

டிசம்பரில் பொரியல் சாப்பிட்டோம். அந்த விதையின் வழி வந்த கொடிதான் இன்று பால்கனிக் கம்பியில் ஏறியிருக்கிறது. பக்கத்தில் ஷேப்பு பூக்கிறது, வெட்டுவதில்லை. ஆனாலும் இவ்வளவு உயரத்துக்குப் பொறிவண்டு அபூர்வமாகத்தான் வருகிறது. ஒன்று வந்தால் மனைவி என்னைக் கூப்பிடுவாள். வேலிக்கு மேலே நீளும் அந்தத் தலைதான் இல்லை.

இதெல்லாம் அன்று தெரியாது. மறுநாள் திங்கட்கிழமை, ஐந்து நாற்பதுக்கு எழுந்து, பால் பாக்கெட்டைக்கூட எடுக்காமல் பின்பக்கம் போனேன். டார்ச் வெளிச்சத்தில் ஐந்து குஞ்சுகள் தெரிந்தன. ஒன்று அசுவினிக் கூட்டத்துக்குள் தலையை விட்டிருந்தது. மக்கில் மிச்சமிருந்த சோப்புத் தண்ணீரைக் கொண்டுபோய்க் குளியலறையில் கொட்டினேன்.