காது சீட்டு

மட்டக்களப்பிலிருந்து மாற்றலாகி வந்த எனக்கு நமுனுகுல பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலை கிடைத்தது. தங்க இடம் பதுளையில். தினமும் ஏறி இறங்குவது கணபதி ஓட்டும் பழைய வான் வண்டியில். நான் கணக்கு வாத்தியார். எதையும் சரிபார்க்காமல் நம்புகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

முதல் நாளே கணபதி என்னை முன் சீட்டில் உட்காரச் சொன்னார். அதில் இருந்த பாக்கியலெட்சுமி, தோட்டத்தில் பிரசவம் பார்க்கும் மருத்துவமாது, உடனே எழுந்து பின்னால் போனார். ஐம்பது தாண்டிய பெண்ணை எழுப்பிவிட்டு நேற்று வந்தவனுக்கு இடம் கொடுப்பானேன்? காரியம் ஏதோ இருக்கிறது என்று நினைத்தேன். கணபதி தன் பேரனைப் பாடசாலையில் சேர்க்கக் கேட்பார் என்று காத்திருந்தேன். அவருக்குப் பேரனே இல்லை என்று தெரிந்ததும் சந்தேகம் இன்னும் கூடியது.

இந்த ஊர் ஓட்டுநர்களின் பழக்கமே எனக்கு விளங்கவில்லை. எங்கள் ஊரில் ஹோர்ன் அடித்தால் திட்டுகிறார்கள் என்று அர்த்தம். இங்கே ஆளே இல்லாத வளைவுக்கு முன்னால் இரண்டு தரம் அடிப்பார்கள். மறுபக்கத்திலிருந்து யாராவது பதிலுக்கு அடித்தால் நிற்பார்கள், இல்லாவிட்டால் போவார்கள். பொலிஸ் நிற்பதைத்தான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள் என்று ஒரு கிழமை முழுவதும் நம்பிக்கொண்டிருந்தேன்.

கணபதி இன்னும் ஒரு படி மேலே. ஹோர்ன் அடித்துவிட்டு, ரேடியோவை நிறுத்தி, "ஏதும் வருதா சார்?" என்று கேட்பார். கேட்டுவிட்டுப் பாதையைப் பார்க்காமல் என் வாயைப் பார்ப்பார். நானும் காதில் விழுந்ததைச் சொல்லிவைப்பேன். குடித்திருக்கிறாரோ என்று மூக்கை நீட்டிப் பார்த்தேன். வெற்றிலை வாசம் மட்டும்தான். அதனால் வானில் நான் ஒரு நாளும் கண்ணை மூடியதில்லை. பின்னால் இருந்தவர்களோ ஏறியதும் தூங்கிவிடுவார்கள். அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை.

மழைக்காலத்தில் ஒரு பின்னேரம், மூடுபனிக்குள் இறங்கிக்கொண்டிருந்தோம். ஒரு வளைவில் கணபதி ஹோர்ன் அடித்தார். கீழேயிருந்து பஸ் ஒன்று பெரிதாகப் பதில் கொடுத்தது. வழக்கம்போல் என்னைக் கேட்டார். இவ்வளவு பெரிய சத்தத்தை நான் வேறு சொல்ல வேண்டுமா என்று பேசாமல் இருந்தேன். வான் நகர்ந்தது. பாக்கியலெட்சுமி பின்னாலிருந்து கத்தினார். கணபதி திரும்பவே இல்லை. அந்தம்மா எட்டி அவருடைய தோளில் ஓங்கி அடித்த பிறகுதான் பிரேக் போட்டார். பஸ் பாதை முழுவதையும் அடைத்துக்கொண்டு எங்கள் மூக்கு நுனியில் வந்து நின்றது.

நான் கதவைத் திறந்து கீழே குதித்தேன். பாக்கியலெட்சுமிதான் விஷயத்தை உடைத்தார். தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து அரைக்கிற மெஷினோடு இருந்து இருந்து கணபதியின் காது போய்விட்டதாம். பக்கத்தில் பேசினால் வாயைப் பார்த்து விளங்கிக்கொள்வாராம், தூரத்து ஹோர்ன் மட்டும் விழாதாம். காலையில் தோட்டத்துக்கு வேறு வாகனம் இல்லை, அவருக்கும் வேறு பிழைப்பில்லை. அதனால் எல்லோரும் சேர்ந்து மறைத்திருக்கிறார்கள். நான் இருந்த இடத்துக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் காது சீட்டு.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இத்தனை பேர் இருக்க என்னை ஏன் அதில் வைத்தீர்கள் என்று கணபதியின் முகத்துக்கு நேரே கேட்டேன்.

"முன்னுக்கு உக்காந்தவங்க எல்லாம் என்னைய நம்பித் தூங்கிட்டாங்க சார்," என்றார் கணபதி. "புது ஆளுன்னு வச்சுப் பார்த்தேன், நீங்க ஒருத்தர்தான் நம்பாம முழிச்சிக்கிட்டே வர்றீங்க."

காதுக்கு மெஷின் வைக்கும்வரை நீங்கள் வான் ஓட்டக்கூடாது, ஓட்டினால் நானே பொலிஸில் சொல்வேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார். ஆனால் அன்றைக்குப் பதுளைக்குப் போக எனக்கும் அந்த வானை விட்டால் வேறு வழி இல்லை. ஏறி அதே சீட்டில் உட்கார்ந்தேன்.

அடுத்த வளைவில் ஹோர்ன் அடித்துவிட்டு என் வாயைப் பார்த்தார். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. என் காதையே நான் நம்பவில்லை.

"நில்லுங்க" என்றேன்.

நின்றோம். எதுவும் வரவில்லை. அதற்கடுத்த வளைவிலும் நில்லுங்க என்றேன். பதுளை வந்து சேரும்வரை எல்லா வளைவிலும் அதையேதான் சொன்னேன். அன்றைக்கு வானில் ஒருவரும் தூங்கவில்லை.