சிங்கப்பூரை நூலால் அளந்தவர்

போன வியாழக்கிழமை காலையில் போன் வந்தது. முனிரத்தினம் சாரின் மகன் பேசினான். "நைனா போய்ட்டாரு சார். நாலு மணிக்கு எடுக்கறோம்." நான் இப்போது இருக்கும் திருத்தணியிலிருந்து நகரிக்குப் பத்து மைல்தான். ஆனாலும் பஸ் எப்போது வரும், எங்கே நிற்கும் என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. அவரோடு பழகியதில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது.

நகரிப் பள்ளியில் அவர் பூகோளம், நான் தமிழ். அவரை அறிந்தவர்களுக்கு அந்த உலக உருண்டையும் சட்டைப்பையில் இருந்த வெள்ளை நூலும் மறந்திருக்காது. எந்த இரண்டு ஊரைச் சொன்னாலும் உருண்டையின் மேல் நூலை இழுத்துப் பிடித்து, மைலும் சொல்வார், விமானம் எத்தனை மணியில் போகும் என்றும் சொல்வார். அவர் மட்டும் விமானம் ஏறியதே இல்லை. ரேணிகுண்டாவில் விமானம் இறங்கத் தொடங்கிய பிறகும், வேலிக்கு வெளியே நின்று நேரம் சரிதானா என்று பார்த்துவிட்டு வந்துவிடுவார்.

திருத்தணி சென்னை ராஜ்யத்துக்கு, நகரி ஆந்திராவுக்கு என்று எல்லை பிரித்த சமயத்தில் நகரியில் என் தங்கைக்குக் கல்யாணம். சிங்கப்பூரில் இருந்த தம்பிக்கு முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி பன்னிரண்டு மணி விமானம்தான் கிடைத்தது. அவன் வந்து பொரி போடாவிட்டால் மணையில் உட்கார மாட்டேன் என்று தங்கை அழுதாள். முனிரத்தினம் நூலைப் போட்டார். ஆயிரத்து எண்ணூறு மைல், ஏழு மணி நேரம். மீனம்பாக்கத்திலிருந்து காரில் மூன்று மணி. ஆக, காலை பத்து. முகூர்த்தமோ ஒன்பதுக்குள். பெரியப்பா மகனே பொரி போடட்டும் என்று எங்கள் நைனா முடிவு செய்துவிட்டார்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் முனிரத்தினம் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"வாத்தியாரே, தப்புக்கணக்கு போட்டுட்டேன். சூரியன சேக்காம வுட்டுட்டேன். அங்க பன்னெண்டு அடிக்கச்சொல்ல இங்க பத்துதான். ரெண்டு மணி நேரம் நம்ம பக்கம் கீது."

நைனா நம்பவில்லை. "சூரியன் இன்னா மாமன் மொறையா, ரெண்டு மணி நேரம் சீர் வெக்க?" என்றார்.

கல்யாணத்தன்று மணி எட்டு. தம்பியைக் காணோம். முனிரத்தினத்தையும் காணோம். வெட்கப்பட்டு ஒளிந்துகொண்டார் என்றே நினைத்தேன், கோபமும் வந்தது. எட்டரைக்கு அவர் சைக்கிள் பந்தல் வாசலில் வந்து நின்றது. பின்னால் கோட்டு சூட்டோடு தம்பி! விமானம் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டது. வாடகைக் காருக்குத்தான் புது எல்லையைத் தாண்ட அனுமதிச் சீட்டு இல்லை. இப்படி ஏதாவது ஆகும் என்று மனுஷர் ஆறு மணியிலிருந்தே எல்லையில் போய் நின்றிருக்கிறார்.

"தூரத்த நூல் சொல்லும். வந்து சேர்றத வழியில நிக்கிறவன்தான் சொல்லணும்" என்றார், மூச்சு வாங்கியபடி.

சங்கிலி மை அப்பிய கால்சட்டையோடு தம்பி பொரி போட்டான். தங்கை சிரித்த சிரிப்பில் பாதிப் பொரி கீழே போயிற்று. முனிரத்தினத்துக்கு முதல் பந்தியில் இலை போட்டு நைனாவே பரிமாறினார்.

வியாழனன்று மூன்றரைக்கே போய்ச் சேர்ந்துவிட்டேன். எல்லையில் பஸ் நின்றபோது என் கண் ஒரு சைக்கிளைத் தேடியது. எடுத்து முடித்துத் திரும்பியபின் மகன் அந்த நூலைக் கொடுத்தான். கல்யாணத்துக்கு அளந்தபோது போட்ட இரண்டு முடிச்சு, ஒன்று சிங்கப்பூர், ஒன்று சென்னை. அவருடைய உருண்டையிலேயே வைத்துப் பார்த்தேன். சென்னை முடிச்சுக்கு அடியிலேயே நகரி, திருத்தணி, நடுவில் போட்ட எல்லை எல்லாம் அடங்கிவிட்டன. நூல் இப்போது என் சட்டைப்பையில் இருக்கிறது.