யூனின் அம்மாவுக்கு ஒரு முழு மீன்

யூனை நான் முதலில் பார்த்தது திருவொற்றியூர் மார்க்கெட்டில், ஒரு முள்ளங்கிக் கடைக்கு முன்னால். 1998, ஜூன் மாதம். கடைக்காரர் வழக்கம்போல இலைகளைத் திருகிக் கீழே போட்டுவிட்டு முள்ளங்கியைத் தராசில் வைத்தார். எதிரே நின்ற வெளிநாட்டுக்காரர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விழுந்த இலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

"அது மாட்டுக்குப் போட்றது சார். இன்னாத்துக்கு எடுக்குற?" என்றார் கடைக்காரர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

நான் செய்யாறு அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் முடித்தவன். எங்கள் குடும்பத்தில் கையெழுத்தையே இங்கிலீஷில் போட்ட முதல் ஆள். கிராமத்திலிருந்து வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது என்றாலும், இந்த இடத்தில் இங்கிலீஷ் தெரிந்தவன் நான்தான் என்று நடுவில் போய் நின்றேன். கல்லூரியில் பயின்ற நீளமான வாக்கியம் ஒன்றை எடுத்துவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இலைகளைத் தூக்கிக் காட்டி, "சூப். குட்" என்றார். அவ்வளவுதான் அவருடைய இங்கிலீஷ்.

மறு திங்கட்கிழமை மணலியில் ஒரு ஒப்பந்தக்காரரிடம் உதவியாளனாகச் சேர்ந்தேன். எண்ணெய் டாங்க் கட்டும் வேலை. அங்கே ஹெல்மெட்டோடு வெல்டிங் பற்றவைப்பைச் சோதித்துக்கொண்டிருந்தவர் அதே மனிதர். கொரியாக்காரர். அவரை இங்கே அனுப்பிய கம்பெனி அப்போது கொரியாவில் வந்த பண நெருக்கடியில் மூடிவிட, கூட வந்தவர்கள் எல்லாரும் ஊர் திரும்பிவிட்டார்கள். திரும்பினால் வேலை இல்லை என்பதால் இவர் மட்டும் எங்கள் முதலாளியிடம் ஒட்டிக்கொண்டார். நாற்பத்தெட்டு வயது. மனைவி பிரிந்துபோய் ரொம்ப காலம். "உனக்குத்தான் இங்கிலீஷ் வருமே, கூட இரு" என்று மேனேஜர் என்னை அவரோடு சேர்த்துவிட்டார்.

காலடிப்பேட்டையில் ஒரு மாடிப் போர்ஷன்தான் அவர் வீடு. ஓட்டல் சாப்பாடு ஒரு மாதத்துக்கு மேல் அவரால் முடியவில்லை. தானே சமைத்தார். அவர் ஊர் கோஸ் இங்கே கிடைக்காது, அதனால் நம் முட்டைக்கோஸையும் முள்ளங்கியையும் உப்பில் ஊறவைத்து, மிளகாய்த்தூளும் பூண்டும் பிசைந்து, ஒரு ஊறுகாய் ஜாடியில் அடைத்துப் புளிக்க விடுவார். கிம்ச்சி என்று பெயர். படிக்கட்டில் கால் வைத்ததுமே வாசனை வந்துவிடும். சாதம் ரேஷன் பச்சரிசி. வடிக்க மாட்டார். குழைந்து, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தால்தான் அவருக்குச் சோறு.

பாத்திரம் கழுவ, வீடு கூட்ட மங்கம்மா என்ற அம்மாள் வருவார். கடற்கரைக் குப்பத்துக்காரர். காலையில் மீன் விற்றுவிட்டு, கூடையோடு நேராக இங்கே வந்துவிடுவார். அந்தச் சோற்றைப் பார்த்தாலே அவருக்கு ஆகாது.

"இன்னாபா இது, நோவாளி துன்ற சோறு மாதிரி கீது. கஞ்சிய வடிச்சுக் குட்த்தா மனுசன் சாவமாட்டான்னு சொல்லு உன் சார்கிட்ட" என்பார் என்னிடம்.

யூன் தமிழ் கற்றுக்கொண்டது முழுக்க இந்த அம்மாளிடம். அதனால் அவர் வாயில் "இன்னா", "நல்லா கீது", "துன்னு" என்றுதான் வரும். எனக்குக் கூச்சமாக இருக்கும். "நன்றாக இருக்கிறது" என்று சொல்லுங்கள் என்று திருத்துவேன். ஒருமுறை அதைச் சொல்லிப் பார்த்தார். பாதியில் நாக்கு மடங்கிவிட்டது. மங்கம்மா பக்கம் திரும்பி, "கீது. ஈஸி" என்றார். மங்கம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னைச் சாப்பிடக் கூப்பிடுவார். ஒரு குட்டை மேஜை, தரையில் நாங்கள் இருவர். முள்ளங்கி இலை சூப், சோறு, கிம்ச்சி, ஒரு முட்டை. சாப்பிடும்போது பேச மாட்டார். மூலையில் சிற்றலை ரேடியோவில் அவர் பாஷையில் யாரோ பேசுவது வரும், இரைச்சலில் போய்விடும், மறுபடி வரும். முதல் சில வாரம், நம்மை எதற்குக் கூப்பிட்டார் என்றே எனக்குப் புரியவில்லை. பிறகுதான், எதிரே ஒருவர் மெல்லுகிற சத்தம் போதும் அவருக்கு என்று தெரிந்தது. எனக்கும் அது தேவைப்பட்டது. மெஸ்ஸில் நூறு பேர் நடுவில் சாப்பிட்டுவிட்டு வந்து ரூமில் ஒரு வார்த்தை பேச ஆளில்லாமல் படுத்துக்கிடந்த நாட்கள் அவை.

அந்த வருஷம் செப்டம்பரில் அவர் அம்மா இறந்துபோனார். வயிற்றில் புற்றுநோய். தகவல் எங்கள் ஆபீஸ் போனுக்கு வந்து இவர் காதுக்கு எட்டுவதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. ஒரு வாரம் லீவு கேட்டார். பாதி டாங்க் நிற்கும்போது போனால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று மேனேஜர் சொல்லச் சொன்னார். அதை இங்கிலீஷில் அவரிடம் சொன்னவன் நான்தான். தலையாட்டிவிட்டு ஏணியில் ஏறிப் போய்விட்டார்.

மறு வருஷம் முதல் திதி வந்தது. யூனுக்கு ஊரில் ஒரு தம்பி உண்டு. அவனே படைத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறான். யூன் விடவில்லை. மூத்த மகன் எங்கே இருக்கிறானோ அங்கேதான் அம்மா சாப்பிட வருவார், அது அவர்கள் வழக்கம். கடைசிக் காலத்தில் பக்கத்தில் இல்லை, மண் போடவும் போகவில்லை. இந்த ஒரு வேளைச் சாப்பாட்டையாவது தன் கையால் வைத்துவிட வேண்டும் என்பதில் குறியாக இருந்தார்.

"அவ்ளோ தூரத்துலேர்ந்து அந்தம்மா எப்டி வரும்? கப்பல்லயா?" என்று மங்கம்மா கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். யூன் யோசித்துவிட்டு, "அம்மா ஸ்ட்ராங்" என்றார்.

இரண்டு நாள் முன்பே ஆரம்பித்துவிட்டார். கிம்ச்சி ஜாடியைத் துணி கட்டி மொட்டைமாடிக் கோடிக்குக் கொண்டுபோனார். கதவு ஜன்னல் எல்லாம் திறந்து வீட்டைக் கழுவினார். மிளகாய்த்தூள் டப்பாவைக்கூட வெளியே வைத்தார். நம் வீட்டில் திதிக்கு முன்னால் கழுவி மெழுகுவது போலத்தான் என்று நான் நினைத்தேன். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. படையலுக்குச் சோறு, காரமில்லாத சூப், பழங்கள், தலையும் வாலும் சிதையாத ஒரு முழு மீன். வெள்ளைத்தாளில் அம்மாவின் பெயரை மேலிருந்து கீழாக எழுதி வைத்துக்கொண்டார். அந்தத் தாளில்தான் அம்மா வந்து இருப்பாராம். படைத்து முடிந்ததும் கொளுத்தி அனுப்பிவைக்க வேண்டும்.

மங்கம்மா விடியற்காலை காசிமேட்டுக்குப் போய், ஒரு முழ நீளத்துக்குப் பன்னா மீன் ஒன்று வாங்கி வந்தார். யூனே வறுப்பதாக இருந்தது. ஆனால் அன்று பார்த்து டாங்க்கில் தண்ணீர் நிரப்பிச் சோதிக்கும் வேலை இழுத்துக்கொண்டே போயிற்று. இரண்டு மணிக்கு என்னைக் கூப்பிட்டு, நீ முன்னால் போ, மங்கம்மாவை மீனை வறுத்துவைக்கச் சொல், மிளகாய் கூடாது, பூண்டு கூடாது, உப்பு மட்டும் என்றார். இரண்டு தடவை சொன்னார்.

நான் அப்படியேதான் போய்ச் சொன்னேன். மங்கம்மா கையில் மீனை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"உப்பு மட்டுமா? அந்தம்மாக்கு இன்னா சீக்குன்னு சொன்ன?"

வயிற்றில் என்றேன்.

"அதான். டாக்டரு காரம் வாணாம்னு சொல்லியிருப்பான். அது உசுரோட கீறப்போ. செத்ததுக்கப்புறம் இன்னாபா பத்தியம்? எத்தினி மாசம் வாய கட்டிகினு கெடந்துச்சோ. மவன் டப்பா டப்பாவா மிளகா துன்றான், ஆத்தா துன்னாமலா இருந்திருப்பா? இப்பவாச்சும் ஆசையா துன்னட்டும்."

எனக்கு அது முழுக்க நியாயமாகப் பட்டது. எங்கள் வீட்டிலும் செத்தவர்களுக்குப் பிடித்ததைத்தான் வைப்போம். சர்க்கரை வியாதியில் போன என் பெரியப்பாவுக்கு வருஷா வருஷம் ஜிலேபி வைப்பார்கள். நானும் படித்தவன் மாதிரி யோசித்து, யூன் சொன்னது ஆஸ்பத்திரிப் பத்தியம்தான் என்று முடிவு கட்டினேன். "கொஞ்சமா போடுங்கக்கா" என்றேன். அதைச் சொன்னவன் நான்.

மங்கம்மா கொஞ்சமாகப் போடவில்லை. மிளகாய், பூண்டு, சோம்பு அரைத்து மீனைக் கீறித் தடவி ஊறவைத்து, உடையாமல் திருப்பிப் போட்டு வறுத்தார். வால் நுனிகூட ஒடியவில்லை. கீழ்வீட்டுக்காரர் தாமோதரன் வெளியே வந்து, இன்றைக்கு என்ன விசேஷம் என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஐந்தரைக்கு யூன் வந்தார். படி ஏறும்போதே இரண்டு தடவை தும்மினார். உள்ளே வந்து தட்டில் இருந்த மீனைப் பார்த்தார். கத்தவில்லை. ஜன்னல் ஒவ்வொன்றாகப் போய், எல்லாம் திறந்திருக்கிறதா என்று தள்ளிப் பார்த்தார். அப்புறம் எங்கள் இருவருக்கும் பொதுவாகச் சொன்னார்:

"காரம் கீது. அம்மா வராது."

இங்கிலீஷில் நான் திரும்பத் திரும்பக் கேட்டபோது, இருந்த நாலு வார்த்தையிலும் கையிலுமாகப் புரியவைத்தார். மிளகாயும் பூண்டும் இருக்கிற இடத்துக்கு ஆவிகள் வராதாம். விரட்டிவிடுமாம். அதற்காகத்தான் இரண்டு நாளாக வீட்டைக் கழுவியது.

நான் மங்கம்மாவிடம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "சுத்திப் போட்றோமே, அந்த மிளகாயா?" என்றார். குழந்தைக்குத் திருஷ்டி கழிக்கத் தன் கையால் எத்தனை தடவை மிளகாய் சுற்றி நெருப்பில் போட்டிருப்பார். யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நானே தொரத்திட்டேனா நைனா" என்றார். கொஞ்சம் கழித்து, எங்கேயாவது ஓடிப்போய் வேறு மீன் வாங்கி வருகிறேன் என்று எழுந்தார். யூன் கையை நீட்டித் தடுத்து, "போதும்" என்றார். மீன் கிடைத்தாலும் வீடு முழுக்க அந்த நெடி.

பெயர் எழுதிய தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கொளுத்தவில்லை. வந்தால்தானே அனுப்பிவைக்க.

பிறகு படி இறங்கினார். நானும் பின்னாலேயே போனேன். நெடுஞ்சாலை ஓரத்து ஐ.எஸ்.டி. பூத்தில் தம்பிக்குப் போன் போட்டார். அங்கே அப்போது இரவு பத்து மணி. நடுநிசிக்குள் படைத்துவிட்டால் சரியாம். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கொஞ்சம்தான் பேசினார். மீதி நேரமெல்லாம் ரிசீவரைக் காதில் அழுத்திக் கேட்டுக்கொண்டே நின்றார். வெளியே வந்ததும் நான் கேட்காமலே சொன்னார். இனிமேல் தம்பி. எல்லா வருஷமும் தம்பி. அம்மாவுக்குப் படைக்கிற மூத்தவன் உரிமையை அவனுக்கே கொடுத்துவிட்டாராம்.

"தம்பி மீன் வாங்கிகினான்" என்றார். "காலையிலே."

அண்ணனால் முடியாது என்று அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

திரும்பி வந்ததும், அம்மாவுக்கென்று வாங்கியிருந்த புதுத் தட்டுகளில் எனக்கும் மங்கம்மாவுக்கும் சோறு போட்டு, மீனைப் பிய்த்து வைத்தார். தான் சூப் மட்டும் எடுத்துக்கொண்டார். மங்கம்மா தட்டைப் பார்த்தபடியே இருந்தார். "துன்னு" என்றார் யூன். சாப்பிட்டோம். அந்த மீன் அவ்வளவு ருசியாக இருந்தது. இன்றுவரை அதை யாரிடமும் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அதற்கப்புறமும் ஞாயிற்றுக்கிழமைகளில் போனேன். ஆனால் அவர் ஊரைப் பற்றிப் பேசியதில்லை. டாங்க் வேலை முடிந்து, அவர் நினைத்தால் போயிருக்கக்கூடிய சமயம் வந்தபோதும் போகவில்லை. அம்மாவும் இல்லை, படையலும் தம்பிக்குப் போயாயிற்று, போய் யார் வீட்டில் உட்காருவது என்று ஒரே ஒரு தடவை கேட்டார். நான் 2002இல் கும்மிடிப்பூண்டியில் வேறு வேலைக்கு மாறினேன்.

யூனுக்கு இப்போது ஐம்பத்தொன்பது வயது. எண்ணூரில் ஒரு ஒப்பந்தக்காரரிடம் பற்றவைப்புச் சோதனை பார்க்கிறார். அங்கேயே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஒற்றை அறையில் தனியாக இருக்கிறார்.