கொளுக்கியில் மாட்டாத பை

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு ஹம்பேர்க்கில் ரயில் ஏறினேன். கைசர்ஸ்லௌட்டர்ன் வரை ஏறக்குறைய அறுநூறு கிலோமீற்றர், மான்ஹைமில் ஒரு மாற்றம். நாலு நாள் பயணந்தான். ஆனாலும் என் கைப்பையில் கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ், யாழ்ப்பாணத்துக் காணி உறுதிப் பத்திரம் எல்லாம் இருந்தன.

"தங்கச்சியின்ரை மகளைப் பாக்கப் போறதுக்குக் காணி உறுதி என்னத்துக்கப்பா?" என்று என் மனுசன் சிரித்தார்.

"போற இடம் ஆமிக்காரர் இருக்கிற இடம். உங்களுக்குச் சிரிப்பாய்க் கிடக்கு!" என்றேன்.

தங்கையின் மகள் கவிதா அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணம் செய்ததும் அமெரிக்கப் படைவீரர் ஒருவரைத்தான். பெயர் மார்க்கஸ், படையில் வாகனம் திருத்தும் வேலை. போன வருடம் கைசர்ஸ்லௌட்டர்னுக்குப் பக்கத்து அமெரிக்கப் படைத்தளத்துக்கு மாற்றலாகி வந்தார்கள். மகள் மாயாவுக்கு ஒன்பது வயது. கிராமத்து ஜேர்மன் பள்ளியில் அவளுக்கு நாலாம் வகுப்பு முடியப் போகிறது. அடுத்து எங்கே? படைத்தளத்துப் பள்ளி என்கிறார் மார்க்கஸ். ஜேர்மன் பள்ளிதான் என்று கவிதா நிற்கிறாள். திங்கட்கிழமைக்குள் பதிய வேண்டும். "பெரியம்மா, நீங்கள் வந்து பாத்துச் சொல்லுங்கோ" என்று என்னைக் கூப்பிட்டாள்.

நானோ இரண்டையும் நம்பாதவள். நாலாம் வகுப்பு முடிவில் என் மகனை "இவனுக்குப் பெரிய படிப்பு ஏறாது" என்று குறைந்த படிப்புப் பள்ளிக்குத் தள்ளப் பார்த்தார் ஒரு ஜேர்மன் ஆசிரியர். அவன் இன்று பொறியியலாளர். படைத்தளத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

மான்ஹைமில் வாங்கிய கோப்பி மூன்று யூரோ எண்பது சதம். கழுநீர். அடுத்த ரயிலில் பக்கத்தில் இருந்த ஜேர்மன் பெண்மணிக்கு அந்தப் பகுதிதான் சொந்த ஊராம். அமெரிக்க அயலவர்கள் எப்படி என்று விசாரித்தேன். "நல்லவர்கள்தான். பழகிக்கொண்டு வரும்போது போய்விடுவார்கள்" என்றாள். என்னத்தையோ மறைக்கிறாள் என்றே எனக்குப் பட்டது.

கவிதாவின் வீடு நகரத்திலிருந்து பன்னிரண்டு கிலோமீற்றர் தள்ளி. தாயைப் பார்த்து மாயாவும் என்னைப் பெரியம்மா என்றே கூப்பிட்டாள். இரவுச் சாப்பாட்டுக்கு வந்து இருந்தபோதும் அவள் ஜக்கெற்றைக் கழற்றவில்லை, பள்ளிப் பை மடியில். எனக்குச் சுரீர் என்றது. பள்ளியில் யாரோ பிள்ளையின் சாமானைப் பறிக்கிறார்கள், அடிக்கிறார்களோ தெரியாது.

படைக் குடும்பங்கள் விரும்பினால் வீட்டிலேயே படிப்பிக்கலாமாம். ஜேர்மன் சட்டத்துக்குட்பட்ட எங்களைப் போன்றவர்கள் அப்படிச் செய்தால் அதிகாரி வீடு தேடி வந்துவிடுவார். "அப்ப வீட்டிலை வைச்சே படிப்பியன்" என்று கவிதாவிடம் சொன்னேன்.

"ஏலாது பெரியம்மா. அவளுக்கு ஃபிரெண்ட்ஸ் வேணும்."

வெள்ளி காலை ஜேர்மன் பள்ளி. வகுப்புக்கு வெளியே வரிசையாகக் கொளுக்கிகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெயர். எல்லாவற்றிலும் ஜக்கெற்றும் பையும் தொங்கின. மாயாவின் கொளுக்கி வெறுமையாக இருந்தது.

"இங்கே யார் இவளைத் தொந்தரவு செய்கிறார்கள்?" என்று ஆசிரியையிடம் நேரடியாகவே கேட்டேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. "யாருமில்லை. குளிர்கிறது என்கிறாள். முதல் நாளிலிருந்தே இப்படித்தான்." நான் நம்பவில்லை.

மத்தியானம் பள்ளி விட்டதும் நால்வரும் படைத்தளத்துக்குப் போனோம். மார்க்கஸ் எனக்கு அனுமதிச் சீட்டு எடுத்துத் தந்தார். வாசலில் துவக்கோடு காவல் நிற்கும் படைவீரன் ஒருவன், என் மகனின் வயதுதான் இருக்கும். அவன் கேட்டது கடவுச்சீட்டை மட்டும். நானோ கைப்பையைத் திறந்து, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி எல்லாவற்றையும் மேசையில் பரப்பிவிட்டுக் கைகளை விரித்துக்கொண்டு நின்றேன். சண்டைக் காலத்தில் ஊரில் ஆமிக்காரரின் சென்றிக்குச் சென்றி சோதனைக்கு நின்ற மாதிரியே.

"அம்மா, அதெல்லாம் தேவையில்லை" என்றான் அவன், பாவம், குழம்பிப்போய்.

அதற்குள் என்னைப் பார்த்து மாயாவும் தன் பையைக் கவிழ்த்துவிட்டாள். பல்துலக்கி, ஒரு சுவெற்றர், பழைய சிநேகிதிகளின் படம், காது பிய்ந்த துணி முயல். புத்தகம் ஒன்றே ஒன்றுதான்.

"என்னடி பிள்ளை இது?" என்றேன்.

"போகச் சொன்னா டக்கெண்டு போகலாம், பெரியம்மா. லாஸ்ற் ரைம் வீட்டுச் சாமானோடை முயலும் கப்பல்ல போயிற்று. வரக் கனநாள் எடுத்தது."

கவிதா வாயைப் பொத்திக்கொண்டாள். மார்க்கஸ் குனிந்து முயலை எடுத்து மகளின் பைக்குள் வைத்தார். வந்த நேரந்தொட்டு நான் தேடிய கள்ளன் அங்கே ஒருவனுமில்லை.

உள்ளே கடைகளில் விலையெல்லாம் டொலரில். பள்ளி வகுப்பறையில் ஒரு சிறுமி மாயாவிடம் ஓடிவந்து, பெயரைக்கூடக் கேட்காமல், "நீ எப்போது போவாய்?" என்றாள். "தெரியாது" என்றாள் மாயா. "எனக்கும்தான்" என்றாள் அவள். இரண்டும் சிரித்தன. மாயா சிரித்து அப்போதுதான் பார்த்தேன். அடுத்த மாற்றலில் எந்த நாட்டுத் தளத்துக்குப் போனாலும் இதே பாடங்கள் தொடரும் என்றார் அங்கிருந்த ஆசிரியை.

சனிக்கிழமை மேசையில் மூவரும் என் வாயைப் பார்த்தார்கள். மார்க்கஸிடம் எப்போது மாற்றல் என்று கேட்டேன். அது தன் கையில் இல்லை என்றார். பொய் சொல்லவில்லை, முகத்தில் தெரிந்தது.

"தளத்துப் பள்ளிக்கூடத்திலை விடு" என்றேன்.

"நீங்களா பெரியம்மா சொல்லுறியள்?" கவிதாவுக்குக் கண் கலங்கியது.

"ஓம், நான்தான். ஜேர்மன் படிப்பு நல்லதுதான். ஆனா அங்கை இவள் மட்டுந்தான் பையோடை இருக்கிறாள்."

ஞாயிறு மாலை ஹம்பேர்க். மழை தூறிக்கொண்டிருந்தது. ஸ்டேசனுக்கு வந்த மனுசன் கதை முழுவதையும் கேட்டார், சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், "உந்த உறுதியை இனியாவது அலுமாரிக்குள்ளை வையுமன்" என்றார்.

எங்களுக்கு இந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்து எத்தனையோ வருடம். யாரும் எங்களைப் போகச் சொல்லப்போவதில்லை. உறுதியை வெளியே எடுத்தேன், அலுமாரியையும் திறந்தேன். பிறகு திரும்பக் கைப்பைக்குள்ளேயே வைத்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போனேன்.